குப்பையைப் பிரிக்கும் கைகளுக்குக் கூலி எங்கே?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

பெண்கள் தம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பேசப்படாத ஆண்டு விழாவே இல்லை எனலாம். சிறப்பு விருந்தினராக வருபவர்கள் மருத்துவர், ஆசிரியை, வங்கி அதிகாரி, மாவட்ட ஆட்சியர் என்று பல தொழில்களை எடுத்துச் சொல்லி, நீங்களும் இப்படி உயர வேண்டும் என்று வாழ்த்திச் செல்கிறார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு கை தட்டுகிறோம். விழா முடிந்தபின் பந்தலில் சிதறிக் கிடக்கும் காகிதக் குவளைகளையும் வாடிய மாலைகளையும் கூட்டி அள்ளிச் செல்லும் பெண்களின் தொழிலை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர்கள் செய்வதும் தொழில்தான். அவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் நம் தெருவில் நடக்க முடியாது.

அத்தொழிலைப் பற்றித்தான் இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். 'குப்பையைப் பற்றியா, ஆண்டு மலரிலா?' என்று முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாமல் சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

குப்பை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். காயலான் கடைக்காரரைக் கேட்டால் அவர் அப்படிச் சொல்லமாட்டார். அவருக்குச் செய்தித்தாள் வேறு, எழுதிய நோட்டுத்தாள் வேறு, அட்டைப்பெட்டி வேறு. தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு விலை, பால் கவருக்கு ஒரு விலை. இரும்பைவிட அலுமினியத்திற்கு விலை கூடுதல். அதைவிடச் செம்புக் கம்பிக்கு இன்னும் கூடுதல். வறுவல் வரும் பளபளப்பான பொட்டலத்திற்கும் ஷாம்பு பாக்கெட்டிற்கும் மட்டும் யாரும் விலை சொல்வதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய ஏடுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்து உருக்குவது கட்டுபடியாகாது. குப்பை பிரிக்கும் பெண்களில் பழகியவர்கள் ஒரு பையைக் கையில் கசக்கி, அது எழுப்பும் சத்தத்தைக் கொண்டே எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார்கள். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்று நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதை அவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். இதனைக் கல்வி என்று யாரும் அழைப்பதில்லை. திறமை என்று கூலி தருவதும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் நம் மேசைமேல் இருக்கும்வரை விலையுள்ள தாள், மீந்த சாம்பார் சாதத்தோடு ஒரே பையில் போய்ச் சேர்ந்ததும் ஒன்றுக்கும் ஆகாததாகிவிடுகிறது. பாட்டிலில் எண்ணெயும் குழம்பும் ஒட்டியிருந்தால் அதன் விலை இறங்குகிறது. உடைந்த கண்ணாடியும் பழைய பிளேடும் அதற்குள் மறைந்திருந்தால் கையும் கிழிகிறது. வீட்டில் ஒருவர் சேமித்தது அரை நிமிட வேலை. அதன் விலையை முகம் தெரியாத வேறொருத்தி தன் அன்றைய கூலியிலிருந்து கட்டுகிறாள். எவ்வளவு அநியாயமான கணக்கு, பாருங்கள்!

குப்பைத் தொழிலால் பெண்கள் பொருளாதார வலிமை பெற முடியுமா என்பதற்கு எங்கள் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முடியும், ஆனால் குப்பை சுத்தமாகப் பிரிந்து அவர்கள் கைக்கு வரவேண்டும், அதற்கு விலை பேசும் உரிமையும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் அது தொழில் அன்று, தண்டனையே.

இக்கருத்தை எங்கள் வகுப்பில் பட்டிமன்றமாக வைத்தபோது எதிரணித் தோழி ஒருத்தி எழுந்து ஒரே கேள்வி கேட்டாள். "பெண்ணை முன்னேற்றுகிறேன் என்று சொல்லிக் குப்பை அள்ளச் சொல்கிறீர்களே, உங்கள் அக்காவை இந்த வேலைக்கு அனுப்புவீர்களா?" வகுப்பே கை தட்டியது. அக்கேள்வி சாதாரணமானது அன்று. குப்பை அள்ளுவதும் கழிவு சுமப்பதும் நம் நாட்டில் சில சாதியினர் தலையிலேயே தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டு வந்திருக்கின்றன. தாய் செய்தாள், மகள் செய்கிறாள், பேத்தியும் அதற்கே பிறந்தவள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இப்பொழுது அதற்கே 'பசுமை வேலைவாய்ப்பு' என்று அழகான பெயர் சூட்டினால் பழைய அநீதிக்குப் புதுச் சட்டை மாட்டியதாக ஆகாதா?

ஆகும் என்றே நாங்களும் எண்ணுகிறோம், பெயரை மட்டும் மாற்றினால். இன்றுள்ள நிலையில் எங்கள் அக்காவை அனுப்பமாட்டோம் என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டால், ஏற்கெனவே அவ்வேலையில் இருக்கும் அக்காமார்கள் என்ன ஆவார்கள்? நாளைக் காலையிலும் அவர்கள் வண்டி தள்ளிக்கொண்டு வரத்தான் போகிறார்கள். பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதர் இறங்கும் கொடுமை வேறு. அதனை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, அவ்வேலை ஒழிந்தே தீர வேண்டும். உலர்ந்த தாளையும் பாட்டிலையும் வாங்கிப் பிரித்து விற்பது அப்படி ஒழிய வேண்டிய வேலை அன்று. மனிதர் இருக்கும்வரை யாரேனும் செய்தாக வேண்டிய வேலை. ஆகவே, யார் செய்கிறார்கள், எந்த நிலையில் செய்கிறார்கள், எவ்வளவு பெறுகிறார்கள் என்பதுதான் வழக்கு.

இவ்வழக்கில் எங்கள் தரப்புச் சாட்சியாகப் புனே நகரத்துப் பெண்களை அழைக்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் 1972-ஆம் ஆண்டு வாக்கில் கடும் வறட்சி வந்தது. கிராமங்களை விட்டுப் புனே நகருக்கு வந்த ஏழைக் குடும்பங்களில் பல பெண்கள் குப்பைத் தொட்டிகளில் தாளும் தகரமும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தெருவில் ஒரு பொருள் காணாமற்போனால் சந்தேகம் முதலில் அவர்கள் மேல்தான் விழும். பகலெல்லாம் சாக்குமூட்டையைச் சுமந்தாலும் மாலையில் எடைக்கடையில் சொன்னதே எடை, கொடுத்ததே காசு.

1990-இல் அந்நகரில் உள்ள எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லட்சுமி நாராயண், பூர்ணிமா சிகர்மானே என்னும் இரு பெண்மணிகள் வயது வந்தோர் கல்விப் பணிக்காக இவர்களிடம் சென்றார்கள். எழுத்துக் கற்பிக்கப் போனவர்கள் அவர்களோடு தெருத்தெருவாக நடக்கவும் செய்தார்கள். தொட்டியைக் கிளறாமல், வீட்டு வாசலிலேயே உலர்ந்த குப்பை தனியாகக் கிடைத்தால் உழைப்பும் குறையும், வருமானமும் கூடும் என்பது அந்நடையில் தெளிவாயிற்று. முதலில் முப்பது பேர் வரை வீட்டு வாசலில் வாங்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஒரு வணிகர் வண்டி வைத்து அதே வேலையைத் தாம் செய்ய முன்வந்தார். தாங்கள் காட்டிய வழியிலேயே தங்கள் பிழைப்பு போய்விடும் போலிருந்ததைக் கண்டு பெண்கள் திரண்டார்கள். குடியிருப்போரும் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

1993-ஆம் ஆண்டு மே மாதம், சுமை தூக்கும் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த டாக்டர் பாபா ஆடவ் அவர்களின் தலைமையில் ஒரு மாநாடு கூடியது. அதில் பிறந்த சங்கத்தின் பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்'. காகத் என்றால் தாள், காச் என்றால் கண்ணாடி, பத்ரா என்றால் தகரம், கஷ்டகரி என்றால் பாடுபட்டு உழைப்பவர். சங்கத்தின் பெயரிலேயே தங்கள் சரக்கை எழுதி வைத்துக்கொண்ட அந்தப் பெண்களின் துணிவு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாமாக இருந்தால் 'மகளிர் மறுமலர்ச்சி மன்றம்' என்று ஏதேனும் பெயர் வைத்திருப்போம்!

அச்சங்கம் முதலில் கேட்டது பணம் அன்று, அடையாள அட்டை. 1995, 96-ஆம் ஆண்டுகளில் புனே மாநகராட்சி அதனை ஒப்புக்கொண்டது. ஓர் அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். திருடி என்று பிடித்து நிறுத்தும் காவலரிடம் 'நான் இன்னார், இது என் தொழில்' என்று நீட்டிக் காட்ட ஒரு தாள் இருக்கிறது. நமக்குப் பள்ளி அடையாள அட்டை கழுத்தில் தொங்குவது சுமையாகத் தோன்றுகிறது. சில தோழியர் வாயிலைத் தாண்டியதும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். புனேயில் அதே அளவு அட்டைக்காகப் பெண்கள் ஊர்வலம் போனார்கள்.

பின்பு அவர்கள் சேமிப்புச் சங்கம் வைத்தார்கள். தாங்களே எடைக்கடை நடத்தி அதில் வந்த ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் மூட்டை தூக்க வரக்கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று தங்களுக்குள்ளேயே இயக்கம் நடத்தினார்கள். 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 'ஸ்வச்' என்னும் கூட்டுறவுச் சங்கமாகவே வேலையை ஏற்றார்கள். ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் கட்டணம் தரும். விற்பனைக்கு ஆகும் தாளும் பாட்டிலும் அவர்களுக்கே சொந்தம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அச்சங்கத்தின் உறுப்பினர் ஆனார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் மாநகராட்சியிடம் மீண்டும் போராட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் வென்ற உரிமையைக் காக்கவும் பெண்களே நிற்க வேண்டியிருக்கிறது.

எதிரணித் தோழியின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. தாயின் கூலி மகளைப் பள்ளிக்கு அனுப்பப் போதுமானால், மகள் அவ்வேலைக்கு வருவதும் வராததும் அவள் விருப்பம் ஆகிவிடுகிறது. போதாவிட்டால் அவளுக்கும் சாக்குமூட்டையே கதி.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் பள்ளி மலர் என்பதால் இங்கே சொல்லலாம். இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது? நாம் மாதந்தோறும் பயன்படுத்தும் நாப்கின்களைத்தான் சொல்கிறோம். சுற்றாமல் குப்பைப் பையில் போட்டால் அது மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒரு பெண் அதனைக் கையால் எடுத்து ஒதுக்குகிறாள். பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்கே அது போகிறது. நமக்கு அருவருப்பாக இருப்பது அவளுக்கு மட்டும் அருவருப்பு இல்லாமற்போகுமா?

புனே பெண்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். பழைய செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். புள்ளியைக் கண்டால் பிரிக்காமலே ஒதுக்கிவிடலாம். அவ்வளவுதான்! 2013-இல் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டையாகக் கட்டி, அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். விற்று லாபம் பெறுவோர் அகற்றும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகளில், நாப்கினைப் பாதுகாப்பாகச் சுற்றியே தரவேண்டும் என்றும், அதற்கான உறையை நிறுவனங்களே தரவேண்டும் என்றும் எழுதப்பட்டது. குப்பை பொறுக்குவோரை ஊராட்சியும் நகராட்சியும் அடையாளம் கண்டு தம் பணியில் சேர்க்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. எழுத்தறியாத பெண்கள் தெருவில் கேட்டது விதிப் புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அண்டை மாநிலமான கேரளத்தில் 'ஹரித கர்ம சேனை' என்னும் பெண்கள் படை வீடு வீடாகச் செல்கிறது. 'குடும்பஸ்ரீ' மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். மக்கும் குப்பையை அந்தந்த வீட்டிலேயே உரமாக்கிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தரவேண்டும். கிராமப் பஞ்சாயத்துகளில் இதற்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். 'குப்பையையும் கொடுத்து, காசும் கொடுப்பதா?' என்று வாசலில் சண்டை பிடித்தவர்களும் இருந்தார்கள். இச்சேனையைப் பற்றி 2023 ஜூலையில் எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. மலப்புரம் மாவட்டம் பரப்பனங்காடியில் பதினொரு பெண்கள் சேர்ந்து 250 ரூபாய்க்கு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள்; தனியாக அவ்வளவு போட முடியாத இருவர் பன்னிரண்டரை ரூபாய் வீதம் போட்டு ஒரு பங்கை நிரப்பினார்கள். அதற்குப் பத்துக் கோடி ரூபாய் விழுந்தது!

லாட்டரி நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நம் மாநிலத்தில் 2003 முதல் அது தடை செய்யப்பட்டதும் நன்மைக்கே. நாங்கள் வியந்தது வேறு. பரிசு விழுந்த பிறகும் இவ்வேலையை விடமாட்டோம் என்று அப்பெண்கள் சொன்னார்கள். ஒன்றாக வேலை செய்யும் தோழமையும், வீட்டு வாசலில் பெயர் சொல்லி அழைக்கப்படும் மரியாதையும் இருந்தால் குப்பை வேலையையும் ஒருத்தி விரும்பிச் செய்யமுடியும் என்று இதிலிருந்து எண்ண இடமிருக்கிறது. அதே வேளையில் ஒரு மாதச் சம்பளக்காரிக்கு 25 ரூபாயும் யோசித்துப் போடவேண்டிய தொகையாக இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

நம் தமிழ்நாட்டு நிலையைப் பார்ப்போம். ஊராட்சிகளில் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்களின் மாத மதிப்பூதியம் 2023-இல் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. ஆனாலும் 5,000-ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 167 ரூபாய்கூட வரவில்லை. இத்தொகையில் வாடகை, அரிசி, பிள்ளையின் பேருந்துக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். 'காவலர்' என்று பெயர் கொடுத்தவர்கள் அப்பெயருக்கு ஏற்ற ஊதியமும் கொடுத்தால்தானே பொருத்தம்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாட்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்தால் கைக்கு வரும் கூலி குறைந்துவிடும் என்பதே அவர்கள் அச்சம். அரசியலில் புகுவது எங்கள் நோக்கம் அன்று. குப்பைத் தொழிலில் காசு இல்லை என்பது உண்மையானால் அதற்குப் பெரிய நிறுவனங்கள் போட்டியிட்டு வருவதேன் என்று மட்டும் கேட்கிறோம். காசு இருக்கிறது. அது குனிந்து பொறுக்கும் கைக்குப் போகும் வழியில் எங்கோ தங்கிவிடுகிறது.

நம் அருட்சகோதரிகளுக்கு இவ்விடத்தில் ஒரு துறவியின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். அவர்கள் முன்பே அறிந்திருப்பார்கள். எங்கள் தோழியர் பலர் அறியார். சீயோன் அன்னை சபையைச் சேர்ந்த அருட்சகோதரி எம்மானுவேல் பல ஆண்டுகள் துருக்கி, துனீசியா, எகிப்து நாடுகளில் நம்மைப் போன்ற மாணவியருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அறுபது வயதைத் தாண்டி ஓய்வு பெற்றபின், 1971-இல் எகிப்தின் கெய்ரோ நகரில் குப்பை சேகரித்து வாழும் 'சபாலீன்' மக்களின் குடிசைகளுக்கு நடுவே தாமும் ஒரு குடிசையில் போய்த் தங்கினார். மின்சாரமோ குழாயோ இல்லாத இடம் அது. அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பள்ளியும் மருத்துவ உதவியும் வரச்செய்தார். 2008-இல், நூறு வயது நிறையச் சில வாரங்களே இருக்கையில் இறைவனடி சேர்ந்தார். அதே நகரின் மொகட்டம் குன்றுப் பகுதியில் 1984-இல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம், குப்பை பிரிக்கும் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தையலாலைத் துண்டுத் துணிகளைக் கொண்டு விரிப்பு நெய்யக் கற்றுக்கொடுத்தது. தறியில் அமர்ந்தபடியே அவர்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள். முன்பு தந்தையின் கைக்குப் போன குடும்ப வருமானத்தில், மகளின் கைக்கென்று ஒரு பங்கு அப்போது வந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் இம்மக்களின் நண்பர். அர்ஜென்டினாவில் பேராயராக இருந்த காலத்திலேயே, தெருவில் அட்டை பொறுக்கி விற்போருக்காகத் திருப்பலி நிறைவேற்றியவர். 2013 மார்ச்சில் அவர் பணியேற்ற திருப்பலிக்கு நாட்டுத் தலைவர்கள் பலர் வந்திருந்தபோது, அவர் அழைப்பின்பேரில் செர்ஹியோ சாஞ்செஸ் என்னும் அட்டை பொறுக்கும் தொழிலாளி தம் வேலை உடையிலேயே வந்திருந்தார். 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் திருத்தந்தை, குப்பையைப் பிரித்து வைப்பதையும் படைப்பைப் பேணும் அன்றாடச் சிறு செயல்களில் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஐயாயிரம் பேர் உண்டு முடித்த பின் ஒன்றும் வீணாகாதபடி மீந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்ன ஆண்டவரின் செய்கையும் நமக்குத் தெரிந்ததே. பன்னிரண்டு கூடை நிறைந்தன. அக்கூடைகளை நிரப்பியவர்கள் அவருடைய சீடர்களே. வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது சிறிது. வீட்டில் இரண்டு வாளி வையுங்கள். ஈரம் ஒன்றில், உலர்ந்தது ஒன்றில். பால் கவரை அலசிக் காயப்போடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி மேலே எழுதி வையுங்கள். வண்டியோடு வரும் அம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு. அதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்கும் இனாம் நல்லதுதான். ஆனால் இனாம் கூலிக்கு ஈடாகாது. நம் நகராட்சி மாதக் கட்டணம் கேட்டால் முணுமுணுக்காமல் கட்டி, அது அவர்களைச் சேர்கிறதா என்று வார்டு உறுப்பினரைக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் சிறுமிகள் என்று சிரிப்பார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தோழியரே, ஓய்வறையில் பழைய செய்தித்தாளும் ஒரு சிவப்புப் பேனாவும் எப்போதும் இருக்கும்படி எங்கள் வகுப்பு பொறுப்பேற்றுக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பினர் அடுத்த ஆண்டு இதனைத் தொடர வேண்டும்.

தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டு முடிவில் நாங்கள் எழுதித் தீர்த்த நோட்டுகளும் பருவத் தேர்வு விடைத்தாள்களும் மூட்டை மூட்டையாகச் சேருகின்றன. எல்லாம் வெள்ளைத்தாள்; எடைக்கு நல்ல விலை போகும் சரக்கு. நம் வளாகத்தைக் கூட்டும் ஆயாம்மாக்களிடமே அதனை ஒப்படைத்து, அவர்களே எடை பார்த்து, அவர்களே விலை பேசி, அந்தப் பணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள இசைவு தரவேண்டும். நோட்டுகளிலிருந்து அட்டையையும் கம்பியையும் கழற்றித் தாளைத் தனியே கட்டிவைக்கும் வேலையைக் கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் நாங்கள் செய்துவிடுகிறோம். பள்ளி அலுவலகத்தில் தராசு இருக்கிறது; அதனை ஒரு நாள் மட்டும் கொடுத்தால் போதும்.